முதல் வரியில் அபிதா

அந்தக் கல்லூரியின் கணினி அறிவியல் துறையில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதற்கென்று ஒரு முறை இருந்தது. கோடு போட்ட பக்கத்தில் புரோகிராம், எதிரே வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு அதன் விடை. புரோகிராமின் முதல் வரியாக ஏழு வருடங்களாக எல்லா மாணவர்களும் ஒரே வரியை எழுதிவந்தார்கள். மாட்யூல் என்னும் ஆயத்த நிரல்களைத் தேடும் இடங்களோடு அபிதா மேடத்தின் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள் என்று பைத்தான் என்ற கணினி மொழிக்குச் சொல்லும் வரி அது. இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டும் புரோகிராமுக்கு எந்த மாட்யூலும் தேவையில்லை. அதற்கும் எழுதினார்கள். எதற்கென்று கேட்டால் பிள்ளையார் சுழி எதற்கென்று கேட்டதைப் போலப் பார்ப்பார்கள். சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதி, அந்த ஜூனியர் சீனியராகித் தன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போக, வரிக்கு ‘அபிதா வரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அபிதா மேடத்தின் முழுப்பெயர் அபிதகுஜாம்பாள். திருவண்ணாமலை அம்மன் பெயர். அப்பா டெலிபோன் ஆபீஸ் வேலையாக இரும்புலியூருக்குக் குடிவந்தபோது அவளுக்கு மூன்று வயது. அதே ஊரில் பள்ளி, தாம்பரத்தில் கல்லூரி, குரோம்பேட்டை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைபார்க்கும் சுந்தரராமனோடு கல்யாணம், மறுபடியும் இரும்புலியூர். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டினால் இந்தக் கல்லூரி. 2007இல் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தாள். தபால் வழியில் எம்.சி.ஏ. முடித்தாள். அப்புறமும் லேப் அசிஸ்டென்டாகவே இருந்தாள்.

பொறாமை அவளுக்குப் புதிய விருந்தாளி அல்ல. பத்தாம் வகுப்பு ஆண்டுவிழாவில் ஷீலா என்ற பெண் கணக்கில் பரிசு வாங்கியபோது கைதட்டல் எத்தனை நொடி நீடித்தது என்று எண்ணினாள். பதினொன்று. அறிவியலுக்கு அவள் வாங்கியபோது ஏழு. அந்தப் பதினொன்றும் ஏழும் இந்த நாற்பத்தைந்து வயதிலும் நினைவில் இருந்தன. அறிவியலில் எத்தனை மார்க் என்பது மறந்துவிட்டது.

அபிதா வரி பிறந்த கதை எளியது. 2018இல் பாடத்திட்டம் மாறிப் பைத்தான் வந்தது. பைத்தானில் எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த மாட்யூல்களை வேண்டும்போது இரவல் வாங்கிக்கொள்ளலாம். கேட்ட மாட்யூல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லையென்றால், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று திரையில் எழுதிவிட்டு புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். கல்லூரி லேபில் எந்த மாட்யூலும் இல்லை. இன்டர்நெட் கிடையாது. மாட்யூல்களை நிறுவத் தேவையான அட்மின் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர்களை விற்ற கம்பெனியிடம் இருந்தது. அபிதா ஒருமுறை ஃபோன் போட்டுக் கேட்டாள். "மேனேஜ்மென்ட் லெட்டர் வேணும் மேடம்" என்றார்கள். லெட்டருக்கு அலைவதற்குப் பதில் அவள் வீட்டிலேயே மாட்யூல்களை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து, லேப் சர்வரில் தன் கணக்குக்குள் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போட்டாள். எல்லாப் புரோகிராமும் அங்கே வந்து தேடுவதற்காக, தன் கணக்கின் பெயர் வரும் அந்த வரியை எழுதினாள்.

ஓட்டை அடைக்க வைத்த துணிதான். ஆனால் ஏழு வருடம் அடைத்தது. முதல் வருட மாணவன் வரியில் ஒரு சாய்கோட்டை விட்டுவிடுவான். திரை முழுக்கப் பிழைச் செய்தி வரும். "மேடம்" என்று ஒரு குரல் எழும். அபிதா நாற்காலிகளுக்கு இடையே பக்கவாட்டில் நுழைந்து, குனிந்து, ஒற்றை விரலால் ஒரு தட்டு. ஓடிவிடும். "எப்டி மேடம்?" என்பார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள். சொல்லியிருந்தால் அடுத்த முறை கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இப்படி அவள் கணக்குப் போட்டுச் செய்தாள் என்று சொல்லமுடியாது. கணக்கு தன்னால் நடந்தது.

அந்த வருடங்களில் அவளே ஒரு மாட்யூலும் எழுதினாள். புரோகிராமின் விடை ரெக்கார்டில் இருப்பதுபோலத் திரையிலும் கட்டத்துக்குள் வரவேண்டும் என்று அந்த 2018 பாடத்திட்டத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. அதற்காக விடையைச் சுற்றிக் கோடு போட்டுக் காட்டும் அறுபது வரி மாட்யூல். ‘கட்டம்’ என்று பெயர் வைத்தாள். பாடத்திட்டம் மறுபடி மாறியபோது கட்டத்துக்குத் தேவை போய்விட்டது. அதுவும் ‘பொது’வுக்குள் கிடந்தது.

போன ஜூனில் ஆஷா வந்தாள். இருபத்தொன்பது வயது. சேலையூர்க்காரி. கேளம்பாக்கம் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, குழந்தை பிறந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டுமென்று வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாளாம். அதையும் நன்றாக வாசிப்பாள் என்று யாரோ சொன்னது அபிதாவுக்குத் தேவையில்லாத தகவலாகப் பட்டது.

வந்த இரண்டாம் நாள் ஆஷா கேட்டாள். "அக்கா, இந்த ஃபர்ஸ்ட் லைன் எதுக்கு?"

"அது இல்லேன்னா மாட்யூல் எடுக்காது."

"அட்மின் பாஸ்வேர்டு இல்லையா?"

"கம்பெனிக்காரன் கிட்ட இருக்கு. தரமாட்டான்."

ஆஷா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பிவந்தாள். அபிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். "இப்போல்லாம் மெயில் போட்டா போதுமாம் அக்கா. ஹெச்.ஓ.டி. சத்தியநாதன் சார் மெயில்லேர்ந்து அனுப்பச் சொன்னேன். வந்துடுச்சு."

பன்னிரண்டு நிமிடம். ஏழு வருடத்தில் தான் ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை என்ற கேள்வி அபிதாவின் மனதில் தலைகாட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஆஷா தன்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவதைப் பற்றி யோசித்தாள். ‘மேடம்’ என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

அந்த சனிக்கிழமை ஆஷா தனியாக வந்து நாற்பத்திரண்டு கம்ப்யூட்டரிலும் தேவையான மாட்யூல்களை முறைப்படி நிறுவிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை வகுப்பில் பிழைச் செய்தி வந்த ஒரு பெண்ணிடம், "மேலேர்ந்து படிக்காதம்மா, கடைசி வரிய முதல்ல படி. என்ன இல்லைன்னு அதுவே சொல்லுது பாரு" என்றாள். அந்தப் பெண் படித்தாள். தானே சரிசெய்துகொண்டாள். தீபாவளிக்குள் லேபில் "மேடம்" என்ற குரல் அபூர்வமாகிவிட்டது. "மிஸ்" என்று ஆஷாவைக் கூப்பிடும் குரல் எழுந்தது, அதுவும் குறைந்தது. ஒருத்தி தன்னைக் கூப்பிட வேண்டிய அவசியத்தையே ஒழித்துக்கொண்டிருக்கிறாள், அதற்காக அவளைக் கூடுதலாகப் பிடிக்கிறது எல்லோருக்கும். அபிதாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

ரெக்கார்டில் மட்டும் அபிதா வரி தப்பித்திருந்தது. மாணவர்கள் பழைய நோட்டைப் பார்த்தே எழுதினார்கள். ஆஷாவும் அதை அடிக்கச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு வரும் ஒவ்வொரு நோட்டிலும் முதல் வரியை அபிதா பார்த்துக்கொள்வாள். அங்கே இருந்தாள்.

மார்ச் கடைசியில் துறைத்தலைவர் சத்தியநாதன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நிதானமானவர். யாரையும் பாராட்டிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருப்பவர்.

"லேப் இன்சார்ஜ்னு ஒரு போஸ்ட் இந்த வருஷம் போடறாங்க. கீழ ரெண்டு லேபும் சேர்த்துப் பாக்கணும். நான் ஒரு பேர் எழுதி அனுப்பணும். பிராக்டிகல் எக்ஸாம் முடியட்டும், எழுதறேன்."

"அக்கா பேரையே எழுதுங்க சார்" என்றாள் ஆஷா.

சத்தியநாதன் தலையாட்டினார். வெளியே வந்ததும் அபிதா ஆஷாவின் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். பாசாங்கு இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இல்லை. அந்தப் பதவி தனக்குக் கிடைக்கவேண்டும், ஆனால் ஆஷா கொடுத்து அல்ல. லேபை யார் நடத்துகிறார்கள் என்பது எல்லோருக்கும் ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும். அபிதாவுக்கு அதுவே வேண்டியிருந்தது.

தேர்வுக்கு முந்தைய நாள் மாலை லேபில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பெருங்களத்தூர் பக்கம் ஒரு மின்ரயில் போனது. அபிதா மூலையிலிருந்த சர்வரின் முன் உட்கார்ந்து தன் கணக்கில் நுழைந்தாள். நாற்பத்திரண்டு பேரும் அந்த வரியை எழுதுகிறார்கள், அதனால் நாற்பத்திரண்டு புரோகிராமும் தன் ஃபோல்டரால்தான் ஓடுகின்றன என்று அவள் நம்பினாள். ஆஷா நிறுவியது ஒப்புக்கு. ஃபோல்டர் ஒரு காலை வேளை மட்டும் கண்ணில் படாமல் இருந்தால், தேர்வு பாதியில் நிற்கும். ஆஷா ஓடுவாள், கண்டுபிடிக்கமாட்டாள். தான் எழுந்துபோய் ஒற்றை விரலால் தட்டுவாள். அழிக்கவில்லையே, பெயரைத்தானே மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டாள். ‘பொது’ என்றிருந்ததை ‘பழசு’ என்று மாற்றினாள். மணி நான்கு பத்து.

வீட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எதையோ அரைத்துக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, ஒருத்தர் ஒரு நாள் வரலேன்னா அந்த ஆபீஸ் நிக்குமா?"

சுந்தரராமன் பேப்பரை மடிக்காமல் சொன்னார். "நான் மூணு நாள் லீவு போட்டா என் மேஜையில எவனோ டிபன் பாக்ஸ வெச்சுடறான். திரும்பிப் போனா அவனைத்தான் நகரச் சொல்லிக் கெஞ்சணும்."

"நான் உங்களைக் கேக்கலை."

"அப்போ யாரைக் கேக்கறே? அந்தக் கீபோர்டு வாசிக்கற பொண்ணையா?"

மிக்ஸி தேவைக்குமேல் ஓடியது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதல் பிரிவு தொடங்கியது. வெளித்தேர்வாளராக வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி, கையில் ஃபிளாஸ்க். எல்லா மாணவர்களும் முதல் வரியாக அபிதா வரியை எழுதினார்கள். அடுத்த வரிகளை எழுதினார்கள். ஓடவிட்டார்கள். அபிதா கதவருகில் வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் ஓடின.

நாற்பத்திரண்டும் ஓடின. இல்லாத ஃபோல்டரில் தேடச் சொன்னால் பைத்தான் அதை ஒரு பிழையாகவே எடுத்துக்கொள்வதில்லை. முணுமுணுப்பதுகூட இல்லை. அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டதும் அடுத்த இடத்துக்குப் போகிறது. அடுத்த இடத்தில் ஆஷா சனிக்கிழமை வைத்துவிட்டுப்போன மாட்யூல்கள் இருந்தன. அபிதாவுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். பாடமாகத் தெரியும். தன் விஷயத்தில் பொருந்தும் என்று தோன்றியதில்லை. எத்தனை மாதமாக இப்படி ஓடிக்கொண்டிருக்கின்றன? தன் ஃபோல்டர் இருந்தபோதும் அதைத் தேடி யாராவது வந்தார்களா, வந்ததுபோல் எழுதிவிட்டுப் போனார்களா? பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளின் தலையிலும் அவள் பெயர் இருந்தது. அதைவிட ஒருத்தியை அவமானப்படுத்த முடியாது.

ஆஷா அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஒரு எரர் கூட வரலை அக்கா. நல்லா போகுது இல்ல?"

"போகட்டும்" என்றாள் அபிதா.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பிரிவில் அரியர் எழுதுபவர்கள் மூன்று பேர். இருவர் வரவில்லை. வந்தவன் ஜெயவேலு. கோவளத்துக்காரன். இருபத்தைந்து வயது. 2018இல் சேர்ந்த முதல் பைத்தான் செட். கல்லூரியை விட்டுப்போய் நான்கு வருடமாகிவிட்டது. அண்ணனோடு மீன் ஏலத்துக்கும் போகிறான், கேளம்பாக்கத்தில் ஒரு செல்போன் கடையிலும் நிற்கிறான். பாக்கியிருப்பது இந்த ஒரு பிராக்டிகல் தாள். ஐந்து முறை எழுதிவிட்டான். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு இந்த ஏப்ரலோடு முடிகிறது. இதில் போனால் அந்தப் பட்டம் போனதுதான்.

"மேடம், நல்லாகீறீங்களா? இன்னும் இங்கயேதான் கீறீங்களா?" என்றான் அபிதாவைப் பார்த்து.

"நீயும் இன்னும் இங்கேயேதானே வரே."

"கரெக்டு" என்று சிரித்தபடி உட்கார்ந்தான்.

அவனுக்குப் பழைய பாடத்திட்டத்தின்படி கேள்வித்தாள். பழைய ரெக்கார்டை மனப்பாடம் செய்துவந்திருந்தான். முதல் வரி, அபிதா வரி. இரண்டாம் வரி, ‘கட்டம்’ மாட்யூலைக் கொண்டுவா. மற்றதையெல்லாம் தடுமாறித் தடுமாறி ஒரு மணி நேரத்தில் எழுதிமுடித்து ஓடவிட்டான். கட்டம் என்று ஒரு மாட்யூல் இல்லை என்று வந்தது.

அபிதா கதவருகிலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். கட்டத்தை அவள் மறந்தே போயிருந்தாள். அரியர்க்காரர்களையும் மறந்திருந்தாள். நேற்று மாலை அவள் மனதில் ஆஷாவைத் தவிர யாருக்கும் இடமிருக்கவில்லை.

"மேடம், இன்னா மேடம் இது? நல்லாதான் அட்ச்சேன். ஓட மாட்டேங்குது."

ஆஷா முதலில் அவனிடம் போனாள். கடைசி வரியைப் படித்தாள். தன் பட்டியலில் தேடினாள். தேர்வாளரிடம் அனுமதி வாங்கி, துறை அலுவலகத்தின் இன்டர்நெட்டில் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கட்டம்னு எங்கயுமே இல்லையே. ஸ்பெல்லிங் சரியா?"

"இது நெட்ல கெடைக்காது மிஸ். அபிதா மேடம் அவங்களே எழ்தினது. எங்க செட்டுக்கு இதான் உசுரு."

ஆஷா திரும்பி அபிதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வியப்பு இருந்தது. ஏழு வருடத்துக் கைதட்டலை ஒரே பார்வையில் கொடுத்ததுபோல இருந்தது. "நீங்க எழுதின மாட்யூலா அக்கா? சொல்லவே இல்லையே."

இந்த லேபில் ஆஷாவால் நிறுவமுடியாத ஒன்று இருக்கிறது, அதைத் தான்தான் எழுதினாள், தேர்வாளர் முன்னால் அது வெளிப்பட்டுவிட்டது. அபிதா பத்து மாதமாக ஏங்கிய நிமிடம் இதுதான். அந்த நிமிடத்தில் அவள் பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினாலு நிமிஷம் இருக்கு. அவுட்புட் இல்லாம நான் மார்க் போடமுடியாது. சீக்கிரம் பாருங்க."

ஜெயவேலு எழுந்து நின்றுவிட்டான். "அண்ணன் சிரிச்சிக்கினே அனுப்சான் மேடம். ஆறாவது வாட்டிடா, போய் வான்னு. இந்த வாட்டி ப்ரோகிராம் தப்பில்ல மேடம். நீங்களே பாருங்க, தப்பில்ல."

தப்பில்லை. அது அபிதாவுக்குத் தெரிந்த அளவு அவனுக்கே தெரியாது.

ஆஷா அதற்குள் சர்வரின் முன் உட்கார்ந்துவிட்டாள். அட்மின் பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. எந்தக் கணக்கும் அவளுக்குத் திறக்கும். முதல் வரி எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அந்த இடத்துக்குப் போனாள். ‘பொது’ இல்லை. ‘பழசு’ இருந்தது. அந்த இடம் கடைசியாக மாற்றப்பட்ட தேதியும் நேரமும் பக்கத்தில் இருந்தன. நேற்று, நான்கு பத்து. ஆஷாவின் கை மௌஸின் மேல் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்பாதது அபிதாவுக்குத் திரும்பியதைவிடக் கனமாக இருந்தது.

காத்திருந்தால் ஆஷாவே சரிசெய்துவிடுவாள். ஒரு பெயரை மாற்றுவதுதானே. கோவளத்துக்காரனைக் காப்பாற்றியதும் ஆஷாவாக இருக்கும்.

"தள்ளு" என்றாள் அபிதா.

நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடி குனிந்து ‘பழசு’ என்பதை அழித்து ‘பொது’ என்று அடித்தாள். பழைய ஒற்றை விரல். ஜெயவேலுவிடம் போய், "இப்போ ஓட்டு" என்றாள். ஓடியது. திரையில் விடையைச் சுற்றி அவள் போட்ட கோடுகள் நாலா பக்கமும் மூலை பிசகாமல் வந்து நின்றன.

"பாத்தீங்களா மிஸ்? மேடம் கை வெச்சா ஓடும்" என்றான் ஜெயவேலு ஆஷாவிடம். "அன்னிக்கிலேர்ந்தே அப்டித்தான்."

தேர்வாளர் விடைத்தாளில் கையெழுத்துப் போட்டார். "எப்பவோ எழுதின மாட்யூல எல்லா மெஷின்லயும் போட்டுவைங்க மேடம். ஒருத்தர் ஃபோல்டரை நம்பி எக்ஸாம் நடத்தக்கூடாது" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கை மூடியபடி சொன்னார்.

ஐந்து மணிக்குச் சத்தியநாதன் இருவரையும் கூப்பிட்டார். தேர்வாளர் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மத்தியானம் என்ன ஆச்சு?"

ஆஷா உடனே பேசினாள். "சர்வர்ல ஒரு ஃபோல்டர் பேர் மாறியிருந்தது சார். பழைய சிலபஸ் மாட்யூல் அதுக்குள்ள இருந்தது. அக்காதான் சரியான நேரத்துல எடுத்துக் கொடுத்தாங்க."

அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அபிதா அதை ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டுப் பார்த்தாள். பெயர் மாறியிருந்தது; யார் மாற்றியது என்பதை மட்டும் வெளியே விட்டுவிட்டு, வாக்கியத்தை எவ்வளவு அழகாக முடித்துவிட்டாள். அவளுக்கு இதுவும் வருகிறது.

சத்தியநாதன் பேனாவை எடுத்தார். "அனுபவம்னு ஒண்ணு இருக்கு இல்லையா. அப்போ இன்சார்ஜுக்கு அபிதா மேடம் பேரையே எழுதிடறேன். ஆஷா, உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"சந்தோஷம் சார்."

பதினெட்டு வருடம். மேஜை, சாவிக்கொத்து, கதவில் பெயர்ப்பலகை. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பலகையை ஒவ்வொரு நாளும் ஆஷா பார்ப்பாள். நான் கொடுத்தது என்று நினைக்கமாட்டாள். அப்படி நினைக்காத பெண். அதுதான் தாங்கமுடியாதது. நினைத்தாலாவது வெறுக்கலாம். பதவியையும் கொடுத்து, குற்றத்தையும் மறைத்து, முகத்தில் அதன் சுவடுகூட இல்லாமல் இருப்பது என்றால், மிச்சமிருந்த ஒரே நல்ல பெயரும் அவளுக்கே போய்விடுகிறது.

"நான்தான் சார் மாத்தினேன்" என்றாள் அபிதா.

பேனா நின்றது.

"நேத்து சாயங்காலம். வேணும்னேதான். எல்லாம் நின்னுபோகும்னு நினைச்சேன். நிக்கலை."

இதை நேர்மை என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். ஆஷாவின் கையிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் அவள் அதைச் சொன்னாள். ஆனாலும் சொன்னாள். எந்த வாசல் வழியாக வந்தாலும் உண்மை உள்ளே வந்துவிட்டால் இருக்கத்தான் செய்கிறது.

சத்தியநாதன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "அந்தப் பையனுக்கு இது கடைசி சான்ஸ். தெரியுமா உங்களுக்கு?"

"அப்போ தெரியாது சார். எக்ஸாம் நடக்கறப்போ தெரிஞ்சது."

"சரி, போங்க" என்றார். ஆஷாவிடம், "நீ இரு" என்றார்.

இன்சார்ஜ் ஆஷாதான். அபிதாவுக்கு மெமோ எதுவும் வரவில்லை. ஆஷா பேசியிருப்பாள் என்று அபிதா ஊகித்தாள். கேட்கவில்லை. மே மாத விடுமுறையில் ஆஷா அவளிடம் வந்து, "அக்கா, கட்டத்தை எல்லா மெஷின்லயும் போடணும். நீங்க எழுதினது, நீங்களே போட்டா நல்லா இருக்கும்" என்று அட்மின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அபிதா வாங்கிக்கொண்டாள். கடைசியில் ஆஷாவின் கையிலிருந்து ஒன்றை வாங்கியேதான் ஆகவேண்டியிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பத்திரண்டிலும் போட்டாள். வேலை முடிந்ததும் புதிய வருடத்துக்கான மாதிரி ரெக்கார்டை எடுத்து, முதல் வரிகளைச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தாள். நாலாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள். மீதியை ஆஷா அடித்துக்கொள்ளட்டும்.

ஜூனில் முடிவுகள் வந்தன. ஜெயவேலு தேறிவிட்டான். சனிக்கிழமை காலை கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். கையில் இரண்டு பைகள். ஒன்றிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ், இது உங்களுக்கு. வஞ்சிரம். விடிகாலைல கரைக்கு வந்தது. அண்ணனே எட்த்துக் குட்த்தான், சிரிக்காம." இன்னொரு பையை அபிதாவிடம் நீட்டினான். "மேடம், உங்களுக்கு மீன் குட்த்தா வூட்ல கோச்சிக்குவாங்க. ஆப்பிள் வாங்கினேன்."

"நான் உன்னை ஃபெயிலாக்க இருந்தேன், தெரியுமாடா?" என்றாள் அபிதா. சத்தியநாதனிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது.

"மிஸ் சொன்னாங்க மேடம்."

அபிதா ஆஷாவைப் பார்த்தாள். ஆஷா மீன்பையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரிசல்ட் வந்தப்புறம்தான் சொன்னேன் அக்கா. நீங்க எப்படியும் அவன்கிட்ட சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

"எனக்குக் கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துது" என்றான் ஜெயவேலு. "அப்பால நினைச்சேன். அஞ்சு வாட்டி நானே என்னை ஃபெயிலாக்கிக்கினேன். நீங்க பாஸாக்கி உட்டுட்டீங்க. போவட்டும் மேடம்."

அவன் போனபிறகு அபிதா தன் பையைத் திறந்து பார்த்தாள். ஆறு ஆப்பிள்கள். ஒன்றில் சின்ன அடி. மேஜையின் மறுபக்கம் ஆஷாவின் பை, இரண்டு மடங்கு பெரிதாக, வீங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை அபிதா. அந்த வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவள். இருந்தாலும் அந்தப் பை எத்தனை கிலோ இருக்கும் என்று அவள் கண் கணக்குப் போட்டது. மூன்று இருக்கும். குறைந்தது மூன்று.

"அக்கா, இவ்வளவு நான் என்ன பண்ணப்போறேன்" என்றாள் ஆஷா.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அபிதா. அடிபட்ட ஆப்பிளைத் தனியே எடுத்து வைத்தாள். அப்புறம் அடிபடாத இரண்டை எடுத்து, சற்று யோசித்து, ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, மற்றதை ஆஷாவின் பக்கம் உருட்டிவிட்டாள்.